தோட்டத்து வேலியும் பேச்சுரிமையும்

பலர் கூடிப் பொதுக் கருமங்களைப் பேசும் இடந்தோறும் இரண்டு தேவைகள் ஒருங்கே எழுகின்றன. தன் கருத்தை அச்சமின்றிச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை வேண்டும்; பேச்சு பூசலாய் முடியாதபடி காக்க ஓர் ஒழுங்கும் வேண்டும். உரிமை மட்டும் இருந்து ஒழுங்கு இல்லையாயின், உரத்த குரலுடையவனே சபையை ஆள்வான். ஒழுங்கு மட்டும் இருந்து உரிமை இல்லையாயின், தலைமை தாங்குவோர்க்கு ஒவ்வாத சொல் எதுவும் வெளிவராது. ஆகவே ஒருவரை இருத்தும்பொழுதும் ஒரு சொல்லை நீக்கும்பொழுதும், “இஃது ஒழுங்கைக் காப்பதற்குச் செய்ததா, எம் வாயை அடைப்பதற்குச் செய்ததா?” என்னும் ஐயுறவு எழாமற் போவதில்லை. அவ்வையுறவு எங்கிருந்து பிறக்கின்றது, எதனால் நீங்கும் என்பதை நம் நாட்டு மலையகத்தின் வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபையொழுங்கு தமிழருக்குப் புதியதன்று. வள்ளுவர் அவையறிதலுக்கு ஓரதிகாரமும் அவையஞ்சாமைக்கு மற்றோரதிகாரமும் வகுத்தார். அவையின் தன்மையறிந்து அடங்கிப் பேசுதலும், அவைக்கு அஞ்சாது பேசுதலும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பது அவர் கருத்தென்று கொள்ளலாம். மணிமேகலையின் விழாவறை காதை இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவை யானைமேல் முரசேற்றி அறிவிக்கும் வள்ளுவன், பல சமயத்தாரும் வந்து பட்டிமண்டபத்தில் ஏறி வாதிடுமாறு அழைக்கின்றான். அதே வாயால், பகைவரை எதிர்ப்பட்டாலும் சினமும் கலகமும் விளைக்காது விலகிச் செல்லுமாறும் கூறுகின்றான். வாதத்துக்கு அழைப்பும் வாதத்தின் எல்லையும் ஒரே முரசொலியில், நகரத்தார் அனைவரும் கேட்க அறிவிக்கப்பட்டன என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. விதியை அறியாதார் எவரும் அம்மண்டபத்தில் இல்லை.

இக்காலப் பாராளுமன்றத்திலும் இம்முறையே பின்பற்றப்படுகின்றது. உறுப்பினர் ஒருவர் தகாத சொல்லைக் கூறினால், அதனைக் ஹன்சாட் அறிக்கையிலிருந்து நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிடுதல் உண்டு. ஆயினும் அவ்வுத்தரவு சபையின் முன்னிலையிலேயே பிறக்கின்றது. அவர் கையிலுள்ள நிலையியற் கட்டளைகளை எவரும் படிக்கலாம். அவர் நடுநிலை தவறினாரென்று கருதுவோர் அவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரவும் வழியுண்டு. கல்லூரிச் சங்கங்களில் அக்கிராசனரின் மணியோசைக்கு அடங்கி வாதம் பழகியவர்கள் இதனை எளிதில் உணர்வர். அம்மணியை நாம் அடக்குமுறையென்று எண்ணவில்லை; அது நமக்கும் எதிர்க்கட்சியார்க்கும் ஒரே கணக்காய் ஒலித்ததே அதற்குக் காரணம்.

இனி, அத்தகைய மணியும் முரசும் இல்லாத ஓரிடத்தை நோக்குவோம். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பேச்சைத் தடுக்கத் தணிக்கை அதிகாரி எவரும் வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தின் மண் கம்பெனிக்குரியது. தொழிலாளர் வாழ்ந்த லயமும் கம்பெனிக்குரியது. லயத்துக்குச் செல்லும் பாதையும், கோயில் நின்ற மேடும், பெரட்டுக்களமும் அவ்வாறே. துரையின் அனுமதியின்றி வெளியார் உட்புகுந்தால், குற்றவியற் சட்டத்தின்படி அத்துமீறிப் பிரவேசித்தார் என்று வழக்குத் தொடரலாம். உள்ளிருப்பவன் வாய்திறந்தால் பற்றுச்சீட்டைக் கையிற் கொடுத்து வேலையினின்று நீக்கலாம். வேலை போகவே குடியிருந்த காம்பராவும் போய்விடும். எந்தச் சொல் தகாதது என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாமையாலேயே எல்லாச் சொல்லும் தகாததாயிற்று. “நாம் எவர் பேச்சையும் தடுக்கவில்லை, எம் நிலத்தை நாம் காக்கின்றோம்” என்று துரைமார் சொல்லக்கூடியதாயிருந்தது. சொத்துரிமையே தணிக்கையாய் நின்ற விந்தை இது.

இவ்வேலியை முதன்முதலில் மதிநுட்பத்தாற் கடந்தவர்களுள் தலையாயவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947). தோட்டங்களின் நிலையை நேரில் அறிய விரும்பிய அவர், புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் சென்றார் என்பது மலையக வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. பொருள் விற்பவனை உள்ளே விடும் வேலி, கருத்துச் சொல்பவனை உள்ளே விடாது என்பதை அவர் கண்டுகொண்டார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ ஆகிய தமிழ்ப் பத்திரிகைகளைத் தொடங்கினார். ஆள் புகமுடியாத இடத்தில் அச்சுத்தாள் புகும். எழுத்தறிந்த ஒருவன் படிக்க, அறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்கலாம். அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரைப் பாடல்களாக இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் சிறு நூல்களாகவும் அச்சேறின. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை ஹட்டனில் நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத்துக்குள் பேச இடமில்லாதவர்களின் வழக்கு, நாட்டின் மிகப் பெரிய சபையிற் பேசப்படலாயிற்று.

அடுத்த ஆண்டிலேயே இப்பிரச்சினை நீதிமன்றத்தை எட்டியது. மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் என்னும் இளைஞர் இங்கிலாந்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பகுதியிலுள்ள றெலுகஸ் தோட்டத்திற் சின்னத்துரையாகத் தொழில் பழகினார். தொழிலாளர்பால் அவர் காட்டிய பரிவு துரைமாருக்குப் பொருந்தவில்லை. வேலை நீங்கி லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயாவும் கலந்துகொண்ட பொதுக்கூட்டத்தில், தோட்டத்துரைமாரின் முறைகேடுகளை வெள்ளையரான அவரே வெளிப்படையாகக் கண்டித்தார். அம்மாதம் 22ஆம் திகதி, இரண்டு நாளில் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி சேர் றெஜினல்ட் ஸ்ரப்ஸ் விடுத்த ஆணை அவரிடம் கொடுக்கப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1896ஆம் ஆண்டின் பழைய அரச கட்டளை ஒன்று.

பிறேஸ்கேர்டில் தலைமறைவானார். துரைமாரின் தூண்டுதலால் இவ்வாணை பிறந்ததென்ற பேச்சு எங்கும் பரவிற்று. அரசாங்க சபை பெருவாரியான வாக்குகளால் அதனைக் கண்டித்தது. மே 5ஆம் திகதி காலிமுகத்திடலிற் கூடிய பெருங்கூட்டத்தில் அவர் திடீரென மேடையிற் தோன்றினார். பின்னர்க் கைதாகி உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் உள்ளிட்ட நீதியரசர் மூவர், மே 18ஆம் திகதி அவரை விடுதலை செய்தனர். அவ்வரசகட்டளை தந்த அதிகாரம் நெருக்கடி நிலைக்கே உரியதென்றும், அது சட்டப்படி பிரயோகிக்கப்பட்டதா என்று ஆராய நீதிமன்றத்துக்கு உரிமையுண்டென்றும் அவர்கள் தீர்த்தனர்.

இத்தீர்ப்பின் உட்பொருளை நாம் நிதானித்து நோக்கவேண்டும். பிறேஸ்கேர்டிலின் கொள்கை சரியா பிழையா என்று நீதியரசர் கூறவில்லை. அவரை அடக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது, எந்நிலைக்கென வந்தது, அந்நிலை உண்மையில் இருந்ததா என்பனவே அவர்களின் கேள்விகள். அடக்குவோன் விடைசொல்லக் கடமைப்பட்டவன் என்பதே இத்தீர்ப்பு நிலைநாட்டிய உண்மை.

ஆயினும் ஒருவர்க்குக் கிடைத்த விடுதலை லயங்களின் நிலையை உடனே மாற்றிவிடவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். கூலியைப் பற்றிய கருத்து வேறுபாடு ஒரு மேசையின் முன் அமர்ந்து பேசித் தீர்க்கக்கூடியது. பேசுவதற்கு மேசை இல்லாத இடத்தில் அதே வேறுபாடு உயிரைக் குடித்தது. பின்னர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பினின்றே அகற்றின. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றெடுத்த ஏழு தொகுதிகளும் 1952இல் அதன் கைவிட்டுப் போயின. ஒரு சொல்லை நீக்குவதினும் சொல்வோனையே சபையினின்று நீக்குதல் கொடிது. அவ்விழப்பைச் சட்டத்தால் முழுவதும் ஈடுசெய்ய 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவும் கண்டவர்கள், “எவரும் எதனையும் சொல்லட்டும், எவரும் தடுக்கவேண்டா” என்று முடிவு கட்டக்கூடும். அதுவும் பொருந்தாதென்பதற்கு அதே மலைநாடே சான்று பகர்கின்றது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பைத் தூண்டும் செய்திகள் கைத்தொலைபேசி வழியே காட்டுத்தீயெனப் பரவியிருந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, முகநூல் முதலியவற்றைச் சில நாட்கள் முடக்கிற்று. தன் மேடையிற் பரவிய வெறுப்புரைகளின் தீங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தந் தெரிவித்தது. தீமூட்டும் சொல்லை உரிய காலத்தில் தடுக்க ஆளில்லாத மேடை, எளியோரின் வாசலில் எரிகின்றது.

எனவே, தடுத்தல் தேவையா என்பது கேள்வியன்று. எவ்வாறு தடுப்பது என்பதே கேள்வி. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியால் மக்கள் கிளர்ந்தெழுந்த வேளையில், சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. இம்முறை பரவியது வெறுப்பன்று, அரசாங்கத்தின்மீது எழுந்த கண்டனமே என்று மக்கள் கருதினர். அன்றே முடக்கம் நீக்கப்பட்டது. 2018இலும் 2022இலும் கையாளப்பட்ட கருவி ஒன்றே. ஆயினும் முன்னையது தீயணைக்கும் நீராகவும் பின்னையது வாய்ப்பூட்டாகவும் பலர்க்குத் தோன்றிற்று.

2024 ஜனவரியில் 108 வாக்குகள் சார்பாகவும் 62 எதிராகவும் பெற்று நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்கு வழிசெய்தது. உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்கள் யாவும் அதிற் சேர்க்கப்பட்டனவா என்ற ஐயுறவு உடனே கிளம்பி, சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையாகவும் உருப்பெற்றது. பிரேரணை தோற்றது. எனினும், பேச்சை ஒழுங்குசெய்யும் சட்டம் தான் பிறந்த முறையிலேயே ஐயத்துக்கு இடங்கொடுத்தால், அதன் பயன் பாதியாகிவிடும் என்ற பாடம் எஞ்சி நிற்கின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நேரிய ஒழுங்கை வாயடைப்பினின்று வேறுபடுத்தும் இலக்கணங்கள் மூன்று என்பது புலனாகும். முதலாவது, விதி முன்னரே யாவருமறிய அறிவிக்கப்பட்டிருத்தல். புகார் நகரத்து முரசு இதனைச் செய்தது, தோட்டத்து வேலி செய்யவில்லை. இரண்டாவது, தடுக்கும்பொழுது தடுப்பவர் யார், காரணம் யாது என்பதைச் சொல்லுதல். சபாநாயகர் இதனைச் செய்கின்றார், பற்றுச்சீட்டு நீட்டிய கை செய்யவில்லை. மூன்றாவது, தடுக்கப்பட்டவன் வேறொருவரிடஞ் சென்று முறையிட வழியிருத்தல். 1937இல் பிறேஸ்கேர்டிலுக்கு அவ்வழி இருந்தது, அதே தோட்டங்களிற் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அது பெயரளவிலும் இருக்கவில்லை. இம்மூன்றுள் ஒன்று குறையினும், நீதியான தடைகூட அநீதியாகவே தோன்றும். ஐயுறுவோரைக் குறைகூறிப் பயனில்லை. ஐயுறவு அவர்களுடைய தீக்குணமன்று. மூடிய கதவின்முன் நிற்பவனுக்கு இயல்பாய் எழும் எண்ணம்.

ஐயுறுவோர்க்கும் ஒரு கடமையுண்டு. தன் சொல் தடுக்கப்பட்டவுடன் தன் கொள்கைக்கே பகை வந்ததென்று கூவுதல் எளிது. கொள்கை தடுக்கப்பட்டதா, அதனைக் கூறிய வன்சொல் மட்டும் தடுக்கப்பட்டதா என்று தன்னைத்தானே வினவுதல் அரிது. எதிர்க்கட்சியான் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் அவனும் தடுக்கப்பட்டிருப்பானா என்பதே அதற்குரிய உரைகல்.

நம் பழைய மாணவர்களுட் பலர் இன்று சபைகளுக்குத் தலைமை தாங்குகின்றனர்; சங்கங்களை நடத்துகின்றனர்; பாடசாலைகளையும் தொழில் நிலையங்களையும் மேற்பார்க்கின்றனர். ஒருவரைப் பேசவிடாது இருத்தும் அதிகாரம் ஏதோ ஓரளவில் அவர்கள் கையில் உண்டு. அதனைப் பிரயோகிக்குமுன், விதியை அறிவித்தோமா, காரணத்தைச் சொன்னோமா, முறையிட வழி வைத்தோமா என்று மும்முறை எண்ணுதல் நன்று. இம்மூன்றுக்கும் ஆமென்று விடைசொல்ல வல்லார் சபையில் ஒழுங்கும் நிலைக்கும், உரிமையும் தழைக்கும்.