ஐவர் ஆட்டமும் அரைகுறைத் தொழிலும்

புனே நகரின் பானேர், ஹிஞ்சவடி, கோத்ரூட் முதலான பகுதிகளில் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ‘டர்ஃப்’ திடல்கள் பெருகியிருந்தாலும், அவற்றில் பந்தை உதைப்பவர்களில் பெரும்பாலோர் ஆடுவதற்காகப் பணம் செலுத்துபவர்களே தவிர, ஆடிப் பணம் பெறுபவர்கள் அல்லர். கால்பந்தின் உள்ளரங்க வடிவத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு ஒருவர் வாழ முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடுவோர், முதலில் அந்த ஆட்டம் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஏற்றுக்கொண்டுள்ள உள்ளரங்க வடிவம் ‘ஃபுட்சால்’ எனப்படுகிறது. உருகுவே நாட்டின் மொண்டேவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் 1930-இல் இதற்கு வடிவம் கொடுத்தார். கோல்கீப்பர் உட்பட அணிக்கு ஐவர், பெரும்பாலும் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட கடினத் தரை, அதிகம் துள்ளாத சிறிய பந்து, பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரத்தை நிறுத்திக் கணக்கிடப்படும் 20 நிமிடப் பாதிகள் இரண்டு என்பன அதன் அடிப்படை. பெரிய மைதானத்தில் ஒரு வீரருக்குச் சராசரியாக 300 சதுர மீட்டருக்கும் அதிகமான இடம் கிடைக்க, இங்கே 80 சதுர மீட்டரே கிடைக்கிறது; பந்தைப் பெற்ற கணத்திலேயே எதிராளி நெருங்கிவிடுவதால், உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தித் திருப்பும் நுட்பம் இவ்வாட்டத்தின் உயிர்நாடியாகிறது. எல்லைக்கோட்டைக் கடந்த பந்தை நான்கு நொடிக்குள் மீண்டும் ஆட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பாதியில் ஓர் அணி செய்யும் ஆறாவது தவறு முதல், எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத ஃப்ரீ கிக் வழங்கப்படுகிறது. பின்வரிசையைக் காப்பவர் ‘ஃபிக்ஸோ’, பக்கவாட்டில் இயங்குபவர் ‘ஆலா’, எதிரணிக் கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கிக் கொடுப்பவர் ‘பிவோ’ எனப் போர்ச்சுகீசிய மொழிப் பெயர்களே உலகெங்கும் வழங்குகின்றன.

புனேயின் வாடகைத் திடல்களில் ஆடப்படுவது இதுவன்று. செயற்கைப் புல்லில் பந்து உருளும் வேகம் வேறு. வலையில் பட்டுத் திரும்பிய பந்தையும் பல திடல்களில் ஆட்டத்திலேயே இருப்பதாகக் கொள்வதால், ஐஸ் ஹாக்கி அரங்குகளில் செயற்கைப் புல் விரித்துச் சுவரில் பந்தை மோதவிட்டு ஆடும் அமெரிக்க ‘இண்டோர் சாக்கர்’ முறைக்கே அது ஓரளவு நெருக்கமானது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், டர்ஃபில் வளர்ந்த இளைஞர் ஃபுட்சாலின் மரத்தரை அரங்கிற்குள் நுழையும்போது காலணி முதல் பந்தை நிறுத்தும் முறை வரை புதிதாகக் கற்க வேண்டியிருப்பதால், தொழில்முறைப் பயணத்தில் இதன் விலை அதிகம்.

ஸ்பெயின், போர்ச்சுகல், பிரேசில், ஜப்பான் போன்ற நாடுகளில் ஃபுட்சால் வீரர் என்பவர் ஒப்பந்தத்தின்பேரில் மாதங்கள் நீளும் லீக்கில் ஆடுபவர். பார்சிலோனா போன்ற பெருங்கழகங்கள் தனி ஃபுட்சால் அணிகளை நடத்துகின்றன. போர்ச்சுகல் வீரர் ரிக்கார்டினோ ஜப்பானின் நகோயா ஓஷன்ஸ் அணிக்கும் பின்னர் ஸ்பெயினின் இன்டர் மோவிஸ்டார் அணிக்கும் ஆடிப் புகழும் பொருளும் ஈட்டினார். பிரேசிலின் ஃபால்கோ, 2005-இல் சாவ் பாவ்லோ கழகத்தின் பெரிய மைதான அணியில் சிறிது காலம் ஆடிப்பார்த்துவிட்டு அரங்கிற்கே திரும்பியது, அவ்வாட்டமே ஒருவரை வாழவைக்கப் போதுமானதாக அங்கு இருந்ததைக் காட்டுகிறது.

அதே ஃபால்கோ 2016 ஜூலையில் சென்னை அணிக்காக ஆட இந்தியா வந்தார். சென்னையிலும் கோவாவிலும் நடந்த ‘பிரீமியர் ஃபுட்சால்’ தொடரில் ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் ஆகியோரும் பங்கேற்றனர். மும்பை அணி கோப்பையை வென்றது. ஆனால், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெறாத அத்தொடர், மாத நடுவில் தொடங்கி மாதம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. 2017-இல் மீண்டும் ஒருமுறை நடந்ததோடு மறைந்தும் போனது. ஓய்வுபெற்ற நட்சத்திரங்களைக் காண ரசிகர்கள் கூடினார்களே அன்றி, ஆண்டு முழுவதும் ஊதியம் தரும் அமைப்பு எதுவும் அதிலிருந்து முளைக்கவில்லை.

அகில இந்தியக் கூட்டமைப்பு தானே நடத்தும் கழகங்களுக்கான ஃபுட்சால் சாம்பியன்ஷிப், 2021 நவம்பரில் தில்லியில் தொடங்கியது. முதல் கோப்பையை தில்லி எஃப்.சி. வென்றது. இந்திய ஆண்கள் ஃபுட்சால் அணி ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதன்முதலாகக் களமிறங்கியது 2023-இல்தான். ஃபிஃபாவின் முதல் ஃபுட்சால் உலகக் கோப்பை 1989-லேயே நடந்துவிட்டதை எண்ணினால், இந்தத் தாமதத்தின் அளவு விளங்கும். நாடு தழுவிய அங்கீகாரம் கிடைத்ததே பெரிது என்றாலும், ஒரு சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியை நம்பி எவரும் குடும்பம் நடத்த முடியாது.

புனேயில் நிலைமை மேலும் நெருக்கடியானது. தேசியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கில் 2012-13-இல் இரண்டாமிடம் பெற்ற புனே எஃப்.சி., அதன்பின் வந்த பாரத் எஃப்.சி., டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் ஆகியவை 2015-க்கும் 2017-க்கும் இடையே தேசியப் போட்டிகளிலிருந்து விலகின. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான எஃப்.சி. புனே சிட்டி, நிதி நெருக்கடியால் 2019-இல் கலைக்கப்பட்டு, அதனிடத்தை ஹைதராபாத் அணி பிடித்தது. தேசிய விளையாட்டுப் போட்டிக்காக 1994-இல் எழுந்த பாலேவாடி வளாகம் இன்றும் நிற்கிறது. அங்கே சொந்த அணி என்று சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. பெரிய மைதானக் கழகங்களே தாக்குப்பிடிக்காத ஊரில், அவற்றின் நிழலில் வளர வேண்டிய ஃபுட்சால் அணிக்கு முதலீட்டாளர் கிடைப்பது அரிது.

ஆகவே திறமையுள்ள புனே இளைஞருக்கு எஞ்சியிருப்பவை, மாவட்ட லீக்கில் ஆடுவது, பரிசுப் பணத்துக்காக ஐவர் போட்டிகளில் கலந்துகொள்வது, மாலையில் சிறுவர்களுக்குப் பயிற்சியளிப்பது, இவற்றோடு ஓர் அலுவலக வேலையையும் தக்கவைத்துக்கொள்வது ஆகியவையே. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு வகுத்துள்ள ஃபுட்சால் பயிற்றுநர் சான்றிதழைப் பெறுவது, வீரராக முழு ஊதியம் காண இயலாதவருக்கும் அவ்வாட்டத்தில் நிலைத்திருக்க ஒரு வழியாகும். வீட்டுப் பிள்ளை டர்ஃபில் நன்றாக ஆடுவதைக் கண்டு அதையே தொழிலாக்க நினைக்கும் பெற்றோர், மரத்தரைப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதை முதலில் விசாரிப்பதும், படிப்பைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஆண்டில் ஆறு மாதமாவது ஓடும் லீக் ஒன்று நாட்டில் அமையும் வரை, புனேயில் உள்ளரங்கக் கால்பந்து துணை வருமானமாக மட்டுமே இருக்கும்.