ஆன் ஆகாத மானிட்டர்: பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

ஜெயங்கொண்டம் போன்ற ஓர் ஊரில் கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்று படுத்துவிட்டால் அது கடைக்காரரின் கவலையோடு நிற்பதில்லை. மீன்சுருட்டி, தா.பழூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருமானச் சான்று, பட்டா, கல்லூரி விண்ணப்பம் என்று வந்தவர்கள் இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் அந்த ஒரு திரையை நம்பித்தான் வரிசையில் நிற்கிறார்கள். விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள் என்றால் பதற்றத்தைக் கேட்கவே வேண்டாம். அந்த அவசரத்தில்தான் “மானிட்டர் செத்துப்போச்சு, புதுசு வாங்கிடலாம்” என்ற முடிவு எடுக்கப்படுகிறது. அப்படி ஓரம் கட்டப்படும் மானிட்டர்களில் பல உண்மையில் சாகவில்லை. சிலவற்றுக்கு ஒரு கேபிளும், சிலவற்றுக்குப் பத்து இருபது ரூபாய் பெறுமான ஓர் உதிரிப் பாகமும் போதும்.

மெக்கானிக் கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“அண்ணே, மானிட்டர் ஆனே ஆவல.”

“லைட்டு எரியுதா தம்பி?”

அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ‘ஆன் ஆகவில்லை’ என்று நாம் சொல்வதில் மூன்று வேறு பழுதுகள் கலந்திருக்கின்றன. மானிட்டருக்குள் மின்சாரமே உயிர்பெறாமல் இருக்கலாம். மின்சாரம் இருந்தும் கம்ப்யூட்டரிலிருந்து படம் வராமல் இருக்கலாம். படம் வந்தும் அதைக் காட்டும் வெளிச்சம் அணைந்திருக்கலாம். மூன்றிலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரைதான். ஆனால் இவற்றைப் பிரித்தறிய எந்தக் கருவியும் தேவையில்லை.

லைட் எரிந்தால்…

மானிட்டரின் ஓரத்தில் ஒரு சிறிய விளக்கு இருக்கும். அது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ எரிந்தால், அல்லது விட்டுவிட்டு மின்னினால், மானிட்டர் பெரும்பாலும் உறக்க நிலையில் இருக்கிறது என்று பொருள். படம் வராதபோது திரை தானாக அடங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு 1993இல் பொது விதிமுறை வகுக்கப்பட்டது. இப்போது சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் கம்ப்யூட்டரையும்தான்.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. மானிட்டருக்கு மின்சாரத்தை மட்டும் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் படக் கேபிளை மானிட்டர் பக்கம் கழற்றிவிடுங்கள். பிறகு மானிட்டரை அணைத்துப் போடுங்கள். ‘சிக்னல் இல்லை’, ‘கேபிளைச் சரிபார்க்கவும்’ என்ற வாசகமோ நிறுவனத்தின் சின்னமோ திரையில் சில வினாடிகள் தெளிவாக நின்றால் போதும். மானிட்டரின் பவர் போர்டு, திரை, பின்விளக்கு எல்லாம் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

அடுத்தது கேபிள். பழைய நீலநிற விஜிஏ கேபிளில் மூன்று வரிசையாக ஊசிகள் இருக்கும். 1987இல் ஐபிஎம் கம்ப்யூட்டர்களோடு வந்த அமைப்பு இது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஊசி இருப்பதால், அவற்றில் ஒன்று வளைந்தால் ஒரு நிறம் மட்டும் போய் படம் வேறு சாயலில் தெரியும். படத்தின் ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஊசிகள் வளைந்தால் ‘சிக்னல் இல்லை’ என்றே வந்துவிடும். ஆகவே கேபிளைக் கழற்றும்போது ஊசிகளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் என்றால், கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும். மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு மானிட்டரைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. மானிட்டரின் பட்டனில் எச்டிஎம்ஐ, விஜிஏ எது தேர்வாகியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பட்டைகளை மென்மையாகத் துடைத்துத் திரும்பப் பொருத்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். காற்றின் ஈரமும் தூசியும் சேர்ந்து அந்தப் பட்டைகளில் படியும் மெல்லிய படலமே பல கம்ப்யூட்டர்களை ஊமையாக்கிவிடுகிறது.

டார்ச் அடித்துப் பாருங்கள்

விளக்கு பச்சையாகவோ நீலமாகவோ நிலையாக எரிகிறது, கம்ப்யூட்டர் ஓடும் சத்தமும் கேட்கிறது, ஆனால் திரை மட்டும் இருட்டு. இந்த நிலையில் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்த்துப் பிடியுங்கள். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துவிட்டது, பின்விளக்குதான் போயிருக்கிறது.

காரணம், எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. பிராகாவில் பணியாற்றிய பிரீட்ரிக் ரைனிட்சர் 1888இல் கேரட்டிலிருந்து கிடைத்த ஒரு பொருளைச் சூடாக்கி ஆராய்ந்தபோது, திடமும் இல்லாத, முழுத் திரவமும் இல்லாத ஒரு நிலையைக் கண்டார். அந்தத் திரவப் படிகங்கள்தான் இன்று நம் திரைக்குள் இருக்கின்றன. மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதும் மட்டுமே அவற்றின் வேலை. வெளிச்சத்தைத் தருவது பழைய மானிட்டர்களில் மெல்லிய குழல் விளக்கு, புதியவற்றில் வரிசையாகக் கோத்த எல்இடிகள். ஒரு வரிசையில் ஓர் எல்இடி அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பின்விளக்கை இயக்கும் சுற்று அதை உணர்ந்து மொத்தத்தையும் நிறுத்திவிடுவதும் உண்டு. ஆன் செய்ததும் ஓரிரு வினாடி படம் வந்து சட்டென்று இருண்டால், சந்தேகம் முதலில் பின்விளக்கின் மீதுதான் விழ வேண்டும்.

லைட்டே எரியவில்லை என்றால்

முதலில் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். அதே பிளக் பாயிண்டில் ஒரு செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகுங்கள். சிபியுவுக்குப் போகும் பவர் கார்டும் பல மானிட்டர்களின் கார்டும் ஒரே வகை என்பதால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கார்டின் முனை மானிட்டருக்குள் தளர்ந்து ஆடுவது சாதாரணமாக நடக்கும் விஷயம். வெளியே தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால், அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை உள்ள வேறு அடாப்டரைக்கொண்டு மட்டுமே சோதிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் பழுது உள்ளே, பெரும்பாலும் பவர் போர்டில் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் ஊரின் வெயிலுக்கும் மானிட்டரின் ஆயுளுக்கும் உள்ள கணக்கு அங்கேதான் இருக்கிறது.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். பவர் போர்டு அதை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. அப்போது அதன் உச்சம் சுமார் 325 வோல்ட்டைத் தொடும். ஆனால் அது சீராக வருவதில்லை. வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் துடிப்புகளாக வருகிறது. இதைச் சமன்செய்வது கெப்பாசிட்டர் என்கிற மின்தேக்கி. கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், அதாவது இன்றைய பொன்னேரி, மழைக்காலத்தில் வந்த நீரைத் தேக்கி மழையில்லா நாளுக்கும் கொடுப்பதுபோல, மின்தேக்கி உச்சத்தில் வாங்கிவைத்துப் பள்ளத்தில் கொடுக்கிறது. பிறகு ஒரு ஸ்விட்ச்சிங் ஐசி இந்த மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டிச் சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்ப, மறுபக்கம் மானிட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டேஜ் கிடைக்கிறது. அங்கேயும் சமன்செய்ய மின்தேக்கிகள் நிற்கின்றன. ஏரி தூர்ந்தால் கொள்ளளவு குறைவதுபோல, இவை வயதானால் தேக்கும் திறன் குறைந்து, மானிட்டர் ஆன் ஆகத் திணறுகிறது.

வெயில் தின்னும் ஆயுள்

இந்த மின்தேக்கிக்குள் சுருட்டிய அலுமினியத் தகடும், மின்பகு திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. சூடு ஏற ஏற அந்தத் திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று விற்கப்படும் மின்தேக்கியை எடுத்துக்கொள்வோம். மானிட்டருக்குள் அது 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம் வரை வரும். தினம் 8 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 11 வருடம். அதே மின்தேக்கி 75 டிகிரியில் இருந்தால் அந்த ஆயுள் ஐந்தரை வருடமாகச் சுருங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, காற்றுத் துளையைச் செம்மண் தூசி அடைத்துக்கொண்ட மானிட்டருக்கு அந்த 10 டிகிரி சுலபமாக ஏறிவிடுகிறது.

கெட்டுப்போகும் மின்தேக்கி முன்கூட்டியே சொல்லிவிடும். “காலையில நாலஞ்சு தடவை தட்டுனாத்தான் வருது, வந்துட்டா சாயங்காலம் வரை பிரச்சினை இல்லை” என்று வாடிக்கையாளர் சொன்னால் அனுபவமுள்ள மெக்கானிக் உடனே பின்பக்கத்தைத் திறக்கச் சொல்வார். குளிர்ந்திருக்கும்போது உலர்ந்த மின்தேக்கியின் உள்தடை கூடுதலாக இருக்கும், சூடேறினால் குறையும். அதனால்தான் மார்கழிக் காலையில் முரண்டு பிடிக்கும் மானிட்டர் மதியத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது. திறந்து பார்த்தால் தட்டையாக இருக்க வேண்டிய தலைப்பகுதி உப்பியிருக்கும். அங்கே கீறியிருக்கும் கோடுகள், உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் வழிவிடுவதற்காகவே போடப்பட்டவை. சில சமயம் அந்தக் கோடு பிளந்து பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருக்கும்.

இது நம் ஊர் வெயிலுக்கு மட்டுமான நோயும் அல்ல. 1990களின் கடைசியில் தொடங்கிச் சில ஆண்டுகள் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் மின்தேக்கிகள் உப்பி வழிந்தன. தரமற்ற மின்பகு திரவத்தோடு சந்தைக்கு வந்த மின்தேக்கிகளில் திரவத்தின் நீர் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியதே காரணம். அத்தகைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அந்தக் காலத்து மானிட்டர்களும் இதிலிருந்து தப்பவில்லை.

நியூட்ரல் அறுந்தால்

மானிட்டரின் பின்னால் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால், மாலை நேர லோ வோல்டேஜ் அதை எளிதில் கொல்லாது. கொல்வது ஹை வோல்டேஜ். மும்முனை மின்வழியில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் 400ஐ நெருங்கும் வரை ஏறக்கூடும். ஐப்பசி, கார்த்திகை இடியில் மின்கம்பி வழியே வரும் திடீர் உயர்வும் அப்படித்தான். உள்ளே பியூஸ் எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவிடுவது பெரிய ஆபத்து. பியூஸ் போனதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஷார்ட் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மின்சாரம் கொடுத்தால் போர்டே கருகும்.

அதனால்தான் நல்ல மெக்கானிக் சீரிஸ் பல்பு வைத்திருப்பார். குண்டு பல்பை மின்வழியில் தொடராக இணைத்து அதன் வழியே மானிட்டருக்கு மின்சாரம் கொடுப்பார். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. பெரிய மின்தேக்கி நிரம்பும் கணம்தான் அந்தப் பளிச். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட். துளியும் எரியாவிட்டால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சோதனைக்கருவிகள் வருவதற்கு முன்பிருந்தே உழைக்கும் முறை இது.

எங்கே நிறுத்த வேண்டும்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஆகவே லைட், கேபிள், டார்ச், பவர் கார்டு வரைதான் நம் எல்லை. மூடியைத் திறப்பது பயின்றவர் வேலை. பழைய குண்டு மானிட்டரை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அதன் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது நாம் செய்ய வேண்டியது, பார்த்ததைச் சொல்வது. லைட் எந்த நிறம், கேபிளைக் கழற்றியபோது வாசகம் வந்ததா, டார்ச்சில் படம் தெரிந்ததா, எத்தனை நாளாக முரண்டு பிடித்தது என்ற நான்கு தகவல்களும் சரியாகக் கிடைத்தால் அவர் போர்டையே மாற்றச் சொல்ல வேண்டிய தேவை குறையும். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதிய மின்தேக்கி 105 டிகிரி வகைதானா, வோல்ட் அளவு பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

திரைக் கண்ணாடியே உடைந்துவிட்டால் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது. அப்போதும் அதைக் குப்பைமேட்டில் எறியக் கூடாது. குழல் விளக்கு உள்ள பழைய மானிட்டருக்குள் பாதரசம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அது சேர வேண்டும். மற்றபடி, வெளிச்சமோ வாசகமோ ஏதாவது ஒன்று இன்னும் வருகிற மானிட்டரைக் கழிவு என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. அதைச் சீராக்கத் தெரிந்த கைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தால் பணமும் மிஞ்சும், மண்ணும் கெடாது, வரிசையில் நிற்பவரின் விண்ணப்பமும் நேரத்துக்குப் போய்ச் சேரும்.