பல் வலியா, பல வலியா?

போன வருஷம் ஒரு நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். இருபது பக்கம் தாண்டினால் கண் எரிச்சல். வயசாகுது, கண்ணாடியை மாத்தணும்னு நினைத்தேன். கண் டாக்டர் பவர் அப்படியேதான் இருக்கு என்றார். அதற்கப்புறம்தான் கையில் இருந்த மின்நூல் கருவி மேல் சந்தேகம் வந்தது.

அது பழசு. திரையில் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான். இப்போது வருபவற்றில் 300. ஆங்கிலம் அதில் தேவலாம். தமிழில் முதலில் மங்குவது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. அது போனால் 'பல் வலி' 'பல வலி' ஆகிவிடும்! அப்புறம், 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே தெரியாத எழுத்துருக்கள் உண்டு. சொல்லை ஊகித்து ஊகித்துப் படிக்கிறோம். களைப்பு அங்கேதான் வருகிறது என்பது என் எண்ணம்.

எல்லாரும் செய்வதுபோல நானும் எழுத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு அங்குலத் திரையில் 'பார்த்துக்கொண்டிருந்தபோது' மாதிரி ஒரு சொல் வந்தால் முக்கால் வரி காலி. இரண்டு ஓரமும் நேராக நிற்கணும் என்று கருவி மிச்சச் சொற்களை இழுத்துப் பரப்ப, பக்கம் முழுக்க ஓட்டை. அதனால் சீரமைப்பை 'இடது பக்கம்' என்று மாற்றினேன், ஓர வெள்ளையைக் குறைத்தேன். அளவை ஒரு படி இறக்கி, வரி இடைவெளியை ஒரு படி ஏற்றினேன். மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறிகளும் உள்ள எழுத்துக்கு அந்த இடம் வேணும்.

பெரிய வித்தியாசம் எழுத்துருவில்தான். கிண்டில், கோபோ இரண்டிலும் நமக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். கருவியைக் கணினியில் செருகி, 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் (இல்லையென்றால் அதே பெயரில் ஒன்றை உருவாக்கி) டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பைப் போட்டால் போதும். எழுத்துருப் பட்டியலில் வந்துவிடும். நோட்டோ செரிஃப் தமிழ் அச்சுப் புத்தகம் போல அழகுதான், ஆனால் மெல்லிய கோடுகள் பழைய திரையில் காணாமல் போகின்றன. கோடு ஒரே தடிமனாக ஓடும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம். அவற்றில் 'ரெகுலர்' வேண்டாம், 'மீடியம்' எடுங்க. புள்ளி பளிச்சென்று நிற்கும்.

அந்த நாவலை நாலு நாளில் முடித்தேன், அதே கண்ணாடியோடு.

பிடிஎஃப்-பில் இது எதுவும் பலிக்காது. எழுத்துரு அதிலேயே உறைந்திருக்கும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இறக்கும்போது ஈபப் கோப்பையே எடுங்க.