செய்மதி நம்மைப் பார்க்கிறதா?
ஓடுவோர் கைக்கடிகாரம் குறித்துச் சில விளக்கங்கள்

மொன்றியலில் பனி உருகி நடைபாதைகள் வெளித்தெரியத் தொடங்கியதும் எம்மவர் பலர் ஓடப் புறப்பட்டுவிடுகின்றனர். உடல்நலம் கருதி ஓடுவோர் சிலர். செப்டெம்பர் மாத மரதன் ஓட்டத்திற்குப் பயில்வோர் சிலர். இவர்களுள் ஓர் இளைஞர், அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர், தாம் புதிதாக வாங்கிய விளையாட்டுக் கைக்கடிகாரத்தை அண்மையில் எம்மிடம் காட்டினார். அதில் நான்கு தெரிவுகள் இருந்தன: ஜி.பி.எஸ். மட்டும், எல்லாச் செய்மதித் தொகுதிகளும், எல்லாத் தொகுதிகளும் இரட்டை அலைவரிசையில், கடிகாரமே தெரிவு செய்வது. அவர் முதலாவதை விட்டு நகர மறுத்தார்.

"அண்ணை, மற்றதுகளைப் போட்டால் நான் எங்கை ஓடுறன் எண்டு ருஷ்யாக்காரன், சீனாக்காரன் எல்லாருக்கும் தெரியுமெல்லோ? அங்கையிருந்து கொழும்புக்குச் சொல்ல எவ்வளவு நேரம்?" என்றார்.

நாம் சிரிக்கவில்லை. சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த ஒருவருக்குத் தாம் இருக்கும் இடம் பிறருக்குத் தெரிவதென்பது விளையாட்டான காரியமன்று. ஆயினும் அவரது அச்சம் தவறான இடத்தில் நிலைகொண்டிருந்தது.

இத்தொகுதிகள் இயங்கும் முறை எளிது. ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புவதே அவற்றின் பணி. கைக்கடிகாரம் அவ்வலைகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணித்து, தன் இடத்தைத் தானே அறிந்துகொள்கிறது. இதற்குக் குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். நேரக் கணிப்பில் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைத்துவிடும்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்கணிப்பிற்காகக் கடிகாரம் செய்மதிக்கு எதனையும் அனுப்புவதில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இன்றிப் பற்றரியும் இன்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். எந்த வீட்டில் யார் கேட்கிறார் என்பது இலண்டனில் இருந்து தமிழோசையை ஒலிபரப்பியவருக்குத் தெரிந்ததா? செய்மதியின் நிலையும் அதுவே. அதனைக் கேட்பதால் மட்டும் சீனாவுக்கோ ருஷ்யாவுக்கோ நம் இருப்பிடம் தெரிந்துவிடுவதில்லை.

அங்ஙனமாயின் இத்தனை தொகுதிகள் எதற்கு? அமெரிக்காவின் ஜி.பி.எஸ். இராணுவத் தேவைக்காகப் பிறந்தது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையால் கணிப்பு 100 மீற்றர் வரை தவறக்கூடியதாக இருந்தது. 2000 மே மாதத்தில்தான் அது நீக்கப்பட்டது. பிறர் கைத்திறப்பை நம்பியிருக்க விரும்பாத அரசுகள் தத்தமக்கெனத் தொகுதிகளை வைத்துக்கொண்டன. ருஷ்யாவின் குளோனாஸ், 2016 இல் சேவையைத் தொடங்கிய ஐரோப்பாவின் கலிலியோ, 2020 இல் உலகளாவி நிறைவுற்ற சீனாவின் பெய்டோ ஆகியன அவை. அரசுகளின் அவநம்பிக்கை ஓடுபவருக்கு ஆதாயமாயிற்று. ஒரு தொகுதியின் செய்மதிகள் மறைந்தாலும் இன்னொன்றின் செய்மதிகள் வானில் தென்படும்.

எந்த இடத்தில் எந்தத் தெரிவு பொருந்தும்? லஷீன் கால்வாய்க் கரையில் வானம் திறந்து கிடக்கிறது, அங்கு ஜி.பி.எஸ். மட்டுமே போதுமானது, பற்றரியும் மிஞ்சும். மோன் றோயால் மலையின் மரச்செறிவில் எல்லாத் தொகுதிகளையும் சேர்த்துக்கொள்வது நன்று. நகர மையத்தில், றெனே லெவெக் வீதியின் கண்ணாடிக் கோபுரங்களிடையே, அலைகள் சுவர்களில் தெறித்துச் சுற்றி வருகின்றன. ஓடியவர் கட்டடத்தை ஊடுருவிச் சென்றதுபோல் கோடு விழுவது இதனால்தான். அவ்விடத்தில் இரட்டை அலைவரிசையே தக்கது. இரண்டாவது அலையின் குறியீடு பத்து மடங்கு விரைவாக மாறுவதால், நேரே வந்த அலையையும் தெறித்து வந்த அலையையும் கடிகாரம் எளிதிற் பிரித்தறியும். இதற்கு விலை பற்றரி. நாள்தோறும் மின்னேற்றுபவர் நான்காவது தெரிவை வைத்துவிட்டு மறந்துவிடலாம். கடிகாரமே இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் பற்றரி விரைவில் தளரும் என்பதையும், நிலத்தடி மெற்றோவில் எத்தெரிவும் பயன்தராது என்பதையும் நினைவிற் கொள்க. புறப்படுமுன் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் நின்று, இடம் உறுதியான பின் ஓடத் தொடங்குவது எத்தெரிவுக்கும் நல்லது.

இனி, அஞ்ச வேண்டியது எங்கே? ஓட்டம் முடிந்து கடிகாரம் கைத்தொலைபேசியோடு இணையும் கணத்தில். அதுவரை கையில் மட்டும் இருந்த பாதை அப்போது செயலியின் வழியே நிறுவனத்தின் கணினிக்குச் செல்கிறது. அனுமதித்திருந்தால் ஊரறியவும் வெளியாகிறது. ஓடுவோர் பாதைகளைத் திரட்டி ஸ்ராவா நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த இராணுவ முகாம்களின் உருவம் துலங்கியதை 2018 ஜனவரியில் உலகு கண்டது. படையினருக்கே அந்நிலை எனில், ஒரே வாசலில் நாள்தோறும் தொடங்கி அதே வாசலில் முடியும் நமது கோடு எதைச் சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே செயலியில் ஓட்டங்களை 'நான் மட்டும்' என்று வையுங்கள். வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள். பழைய பதிவுகளையும் ஒருமுறை பாருங்கள்.

"அப்ப பிரச்சினை மேலை இல்லை, சட்டைப் பையுக்கைதான் இருக்கு" என்றார் இளைஞர். அவ்விடத்திலேயே நான்காவது தெரிவுக்கு மாறினார். பின்னர் தொலைபேசியை எடுத்துத் தம் பழைய ஓட்டங்களை ஒவ்வொன்றாக மறைக்கத் தொடங்கினார். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

இருக்கும் இடம் அறிவது எத்துணை பெரிது என்பதையும் நம் சமூகம் மறக்கலாகாது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், கரை எங்கே என்று தெரியாமல் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தனர். ஆகஸ்ட் 11 அன்று குஸ் டோல்ரன் என்ற மீனவர் அவர்களைக் கண்டதால் பிழைத்தனர். அவர்களுட் பலர் பின்னர் இந்நகருக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தனர். அன்று அவர்களுக்குக் கிட்டாத அறிவு இன்று நம் மணிக்கட்டில் இருக்கிறது. அதனை அச்சத்தால் அணைத்து வைக்க வேண்டாம்; யாருக்கும் காட்டிவிடவும் வேண்டாம்.