கற்பூரம்: ஒரு பெயரும் பல பொருள்களும்

கற்பூரம் என்றதும் ஆரத்தித் தட்டுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தமிழ் வழக்கில் இப்பெயரைத் தாங்கி நிற்கும் பொருள்கள் பல. ஒன்றை எரிக்கிறோம், ஒன்றைப் பொங்கலிலும் தீர்த்தத்திலும் இடுகிறோம், ஒன்றைத் துணிகளுக்கிடையே வைக்கிறோம், மற்றொன்று பாதரசம் கலந்த நஞ்சு. மொழியியல் கற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெயர் மயங்கும் இடத்தில் கையும் மயங்குகிறது என்பதே என் விடை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வடமொழியில் கர்ப்பூரம், அரபியில் காஃபூர், மலாயில் காப்பூர். தமிழில் கருப்பூரம், கர்ப்பூரம், கற்பூரம் ஆகிய மூன்று வடிவங்களும் உண்டு. ஆண்டாள் பாடலில் இடம்பெறுவது கருப்பூரம். இப்பொருள் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து சென்றதாகலின் சொல்லும் இங்கிருந்தே மேற்கு நோக்கிச் சென்றிருத்தல் கூடும் என்று கருதுவோர் உளர். எனக்கும் அக்கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. மலாயில் காப்பூர் என்பது சுண்ணாம்பையும் குறிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு 'காப்பூர் சிரே'. வாசனைப் பொருளை அதிலிருந்து பிரித்துக் காட்டவே 'காப்பூர் பாருஸ்' என்றனர். பாருஸ் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பழந்துறைமுகம். அதன் அருகே லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டுக்குரியது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. அதில் அவ்வூர் 'வாரோசு' என்று வருகிறது. நம் வணிகர் அத்தொலைவு சென்றதற்குக் கற்பூரமும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

அந்தப் பாருஸ் கற்பூரத்தைத் தந்த மரத்தைக் காண நீங்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. சுங்கை வேயிலிருந்து காரில் சென்றால் சிறிது நேரத்தில் அடையக்கூடிய கெப்போங்கில், மலேசிய வன ஆய்வு நிலையத்தின் வளாகத்தில், காப்பூர் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் முடி மற்றொன்றைத் தீண்டாமல், இடையில் ஆற்றுக் கிளைகள்போல் வானம் தெரியும். மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இம்மரத்தின் பெயரையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளாகம் 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

இம்மரத்தின் தண்டு வெடிப்புகளில் வெண்படிகமாக உறைந்திருப்பது, வேதியியலார் போர்னியோல் என்று அழைக்கும் பொருள். எல்லா மரங்களிலும் அது கிடைப்பதில்லை. பல மரங்களை வெட்டியும் வெறுங்கையுடன் திரும்புவதுண்டு. ஆகவே ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடச் சென்ற பழங்குடியினர், காட்டில் இருக்கும்வரை அன்றாடச் சொற்கள் பலவற்றை விலக்கி, அவற்றுக்கு மாற்றாக வேறு சொற்களைப் பேசினர். இதனைப் 'பந்தாங் காப்பூர்' என்பர். மரத்தின் ஆவி பொருளை மறைத்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஒரு வாசனைப் பொருளுக்காக ஒரு தனிமொழியே வழங்கியது என்பதை மொழியியல் மாணவர் குறித்துக்கொள்க.

கோயில்களில் இன்று நாம் ஏற்றும் சூடம் இதுவன்று. சீனம், ஜப்பான், தைவான் ஆகிய நாடுகளில் வளரும் வேறொரு மரம், இலவங்கப்பட்டை மரத்தின் இனத்தது. அதன் கட்டையைச் சீவி நீராவியில் வடித்தால் கிடைப்பது உண்மைக் கற்பூரம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளை அடுக்குமிடத்தில் 'சீனச்சூடன்' என ஒரு வகை வருகிறது. நம் 'சூடம்' அதன் எச்சமாதல் வேண்டும் என்பது என் துணிபு. போர்னியோலின் மூலக்கூறில் 10 கார்பனும் 18 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் உண்டு. கற்பூரத்தில் ஹைட்ரஜன் 16. இரண்டு அணுக்களே வேறுபாடு. ஆயினும் போர்னியோல் ஏறத்தாழ 208 பாகை செல்சியசிலும் கற்பூரம் ஏறத்தாழ 177 பாகையிலும் உருகும். இன்று சந்தைக்கு வரும் கற்பூரத்தில் பெரும்பகுதி பைன் மரப் பிசினெண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் ஆக்கப்படுவது. பச்சைக் கற்பூரம் என்பது முன்னாளில் பாருஸ் சரக்கைக் குறித்தது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் அப்பெயரில் வாங்கும்போது, உணவுக்குரியது என்று உறையில் அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அச்சில்லையேல் பானையில் இடாதீர்கள். இடுவதும் ஒரு சிட்டிகையினும் குறைவாகவே இருக்கட்டும்.

கற்பூரம் திண்மநிலையிலிருந்து நேரே ஆவியாகும். இதனைப் பதங்கமாதல் என்கிறோம். டப்பாவில் மிளகு போட்டு வைத்தால் குறையாது என்பது நம் இல்லங்களின் நம்பிக்கை. உண்மையில் காப்பது இறுக்கமான மூடியே. ஏறத்தாழ 66 பாகை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பற்றும் அளவுக்குச் செறிந்துவிடும். கூர்ந்த மாணவனைக் 'கற்பூர புத்தி' உடையவன் என்று நாம் போற்றுவது இப்பண்பை நோக்கியே. அப்புகழுக்குரிய பொருளைத் திறந்த பொட்டலமாக விளக்கின் பக்கத்திலேயே வைக்கிறோம்! எரிந்தபின் சாம்பல் மிஞ்சாது. ஆனால் கரிப்புகை மிகுதி. அடுக்குமாடி வீட்டின் சிறு அறையில் ஏற்றுவோர் சன்னலைத் திறந்து வைத்தல் நலம்.

இனிச் சொல்லப்போவது குழந்தைகளைப் பற்றியது. கற்பூரக் கட்டி கற்கண்டைப் போன்றது. சிறு குழந்தை ஒரு கிராம் அளவு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். சில நிமிடங்களிலேயே, சிலவேளை ஒன்றரை மணி நேரத்துக்குள், வலிப்பு தோன்றும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழலில் புகும். பாலோ எண்ணெயோ கொடுத்தலும் தவறு, கொழுப்பில் கரையும் பொருளாகலின். 999ஐ அழைத்து, பொட்டலத்துடன் மருத்துவமனைக்கு விரைக. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் வழிகாட்டும்.

சளி பிடித்த கைக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி மார்பில் தடவும் வழக்கம் நம்மிடம் இன்னும் உண்டு. தோல்வழியாகவும் கற்பூரம் உடலுட் புகும். வீட்டில் காய்ச்சியதன் செறிவை யாரும் அளப்பதில்லை. கடையில் விற்கும் தைலங்களிலேயே 2 வயதுக்குட்பட்டோர்க்கு ஆகாது என்ற எச்சரிக்கை இருப்பதைப் படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் கற்பூரம் கரைத்த எண்ணெய் 1982இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு ஒரு காரணம் பெயர் மயக்கம்: ஆங்கிலத்தில் அதன் பெயரும் விளக்கெண்ணெயின் பெயரும் ஒலிப்பில் நெருங்கியவை; பேதிக்காக விளக்கெண்ணெய் என்று எண்ணி அதனைக் குழந்தைகளுக்குப் புகட்டிய நிகழ்வுகள் பல.

நம் மொழிகளில் மயக்கம் இன்னும் பெரிது. தமிழகத்தில் துணிப்பூச்சிக்கு வைக்கும் வெள்ளை உருண்டையை 'ரசகற்பூரம்' என்பர். சித்த மருத்துவத்தில் அப்பெயர் பாதரச உப்புக்கு உரியது. இந்தோனேசிய வழக்கில் 'காப்பூர் பாருஸ்' என்னும் பழம்பெயரே அவ்வுருண்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது மரத்திலிருந்து வருவதன்று. நிலக்கரித் தாரிலிருந்து பெறும் நாப்தலீன், அல்லது டைகுளோரோபென்சீன். நாப்தலீனின் ஆவி, ஜி6பிடி என்னும் நொதிக் குறைவுடைய பச்சிளங்குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சட்காமாலையை உண்டாக்கும். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறை சோதிக்கப்படுவது இதனால்தான். பாட்டி பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பழந்துணியை, 'கற்பூர வாசம்தானே' என்று கூறி அப்படியே குழந்தைக்குப் போர்த்துகிறோம். அதைத் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்தியபின்னரே பயன்படுத்த வேண்டும். 'அந்துருண்டை' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. மலாயில் 'உபாட் கெகாட்'. அவ்வுருண்டையைக் கற்பூரம் என்று சொல்வதை வகுப்பறையிலேனும் நிறுத்துவோம்.

எது எதுவென்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. எரித்துப் பார்த்தல் வேண்டா. இரண்டும் புகைந்தே எரியும். ஒரு குவளை நீரில் போட்டால் கற்பூரம் மிதக்கும், சிறு துணுக்காயின் நீர்மேல் சுழன்று ஓடும். நாப்தலீன் அமிழும். இனி உப்பு கரையுமட்டும் கரைத்த நீரில் அமிழ்ந்ததை இட்டால் நாப்தலீன் மேலெழும். டைகுளோரோபென்சீன் அடியிலேயே கிடக்கும். ஆசிரியரே இடுக்கியால் எடுத்துச் செய்து காட்டட்டும். சோதனைக்குப் பயன்படுத்திய குவளை மீண்டும் சமையலறைக்குச் செல்லலாகாது.