செய்தி வந்தால் கிராமம் செழிக்குமா?



தொலைத்தொடர்பு வசதி கிராமத்தாரின் பிழைப்பை உயர்த்துமா என்று நம் பங்காளர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். அதை வாசித்த அன்று காலையில்தான் ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தாய் ஒருவர், "ஐயா, ரிப்போர்ட்டு வாங்க நாளைக்கும் வரணுமா?" என்று என்னைக் கேட்டார். அந்த "நாளைக்கு" அவருக்குப் பஸ் செலவு; அதோடு ஒரு நாள் கூலியும் போயிற்று.

பதிலைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசி சரியில்லாத ஊர்களுக்கு வானொலி அலை மூலம் செய்தி போயிற்று. மின்சாரம் நின்றால் சூரிய சக்தி கைகொடுத்தது. கருவிகளை நிறுவனம் தரும். இடத்தையும் ஆளையும் ஊரார் தரவேண்டும். எல்லா ஜாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. (கம்ப்யூட்டரை இயக்குவதைவிட இது கடினம் என்பது கிராமங்களில் ஊழியம் செய்தவர்களுக்குத் தெரியும்.)

வீராம்பட்டினத்து மீனவருக்கு வேண்டியது கடல் நிலவரம். அமெரிக்கக் கடற்படை இன்டர்நெட்டில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்துத் தமிழில் அனுப்பினார்கள். ஊரில் அது ஒலிபெருக்கியில் முழங்கியது. எழுத்தறியாதவருக்கும் எட்டியது. அலை மிஞ்சும் நாளில் கடலுக்குப் போகாதவருக்கு வலை மிச்சம், உயிரும் மிச்சம். 2004 டிசம்பர் 26 அன்று, சுமார் 3,600 பேர் வசித்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்கை சொன்னார். தகவல் நிலையத்து ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

கம்ப்யூட்டர் செய்ததில் பாதிதான் இது. மறுபாதி, வந்த செய்தியை ஊராரின் பேச்சில் சொல்ல அங்கே ஒருவர் இருந்தது.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இதைக் கண்டுகொண்டது. கிராமத்துப் பார்வை மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைப் பரிசோதிப்பார். நகரத்து டாக்டர் திரையில் நோயாளியோடு பேசுவார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசியமானவர் மட்டும் பயணப்பட்டால் போதும். மற்றவர்கள் மதியமே களையெடுக்கப் போய்விடலாம்.

இன்று எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் வீட்டில் கைபேசி இருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து, அவர்களைக் கூப்பிட்டு, "இதற்காக வரவேண்டாம், அதே மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்று சொல்ல ஒரு நர்ஸை ஒதுக்க எங்களால் இன்னும் முடியவில்லை. அன்று அந்தத் தாய்க்கு நான் சொன்னது, "ஆமாம்மா, வரணும்" என்பதுதான்.