மலையேறும் வழியில் ரோட்டோரக் கடை: எதைச் சாப்பிடலாம், எதை விடலாம்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏறுகிறவர்களுக்குப் பசி எடுப்பது பாதி வழியில்தான். மேகம் அருவியும் பெரியார் அருவியும் பார்த்து, வெள்ளிமலை, கரியாலூர் சுற்றிவிட்டு இறங்குவதற்குள் இரண்டு வேளைச் சாப்பாடு ஆகிவிடும். வழியில் நம்மைத் தாங்குபவை கீற்றுக் கொட்டகைகளும் தள்ளுவண்டிகளும்தான். சின்னக் கடை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பெரிய போர்டு இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. பார்க்க வேண்டியவை மூன்று: சூடு, தண்ணீர், கை.

சூடு இருக்கிறதா?

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கோடை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

கல்லில் ஊற்றி, புரட்டி, நம் கண் முன்னே இலையில் போடும் தோசையில் பயம் இல்லை. அதன் மேல் ஊற்றும் தேங்காய்ச் சட்னியைத்தான் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, மதியம் வரை அதே வாளியில் இருந்தால் அதுதான் வயிற்றைக் கெடுக்கும். அடுப்பில் கொதிக்கும் சாம்பாரையோ இட்லிப் பொடியையோ கேட்டு வாங்குங்கள்.

மிச்சச் சோற்றில் செய்த ஃப்ரைடு ரைஸும் அப்படித்தான். ஆறிய சோற்றிலும் குழம்பிலும் பெருகும் சில கிருமிகள் நச்சை விட்டுவைக்கும். திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகலாம், அந்த நச்சு போகாது.

தண்ணீரும் தட்டும்

மலை ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். மேலே ஆடு மாடு இறங்கியதும், ஆட்கள் ஒதுங்கியதும் கீழே இருப்பவருக்குத் தெரியாது. கொதிக்க வைத்த தண்ணீரையோ வீட்டிலிருந்து கொண்டுபோனதையோ மட்டும் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்க ஆற்றித் தரும் டீ நல்லது. ஐஸ் போட்ட சர்பத், ரோஸ்மில்க் வேண்டாம்.

அறுத்து வைத்த அன்னாசி, மாங்காய்க் கீற்றில் மிளகாய்த் தூள் தூவினால் கிருமி சாகாது. வாழைப்பழம், ஆரஞ்சு என்று நாமே தோலுரிக்கும் பழங்களை வாங்கலாம். தட்டுகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் இலையில் கேளுங்கள். காசு வாங்கிய கையே வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் அள்ளிப் போட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

மரவள்ளிக்கிழங்கில் ஒரு கவனம்

இந்த மாவட்டத்தில் மரவள்ளி நிறைய விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்கும் போகிறது. அந்தக் கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இயல்பாகவே உண்டு, தோலில் கூடுதல். தோலுரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். முழுசாகத் தணலில் சுட்டால் அந்த அளவுக்குக் குறையாது. கசந்தால் உடனே துப்பிவிடுங்கள்.

மலைவாழ் மக்களின் சாமைச் சோறு சூடாகக் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

எண்ணெயும் தாளும்

கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, சில்லி சிக்கன் வேண்டாம். செய்தித்தாளில் வடையை வைத்துப் பிழிந்தால் எண்ணெய் தாளுக்குப் போகும், அச்சு மை வடைக்கு வரும். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் தாளில் பரிமாறுவதும் கெடுதல். உணவு பொதியும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை.

முகவரி இல்லாத சரக்கு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலை நிறத்திலோ வாசனையிலோ நாம் பிரித்தறிய முடியாது. மலையில் யார் எதை ரகசியமாக நீட்டினாலும் தொடாதீர்கள். குடித்தபின் கண் மங்கினாலோ வயிறு கடுமையாக வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிறு கெட்டுவிட்டால்

வளைவுப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். ஆகவே பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது என்று எது தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைச் சொந்தமாகப் போடக்கூடாது. 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியில் இருக்கிறது.

டைபாய்டு வெளியே தெரிய 6 முதல் 30 நாள் ஆகலாம். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ-க்கு 15 முதல் 50 நாள். ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் மலைக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

தள்ளுவண்டிக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு உண்டு. 14 இலக்க எண்ணைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். மூடி போட்ட பாத்திரம், கை கழுவச் சோப்பு, காசு வாங்கத் தனி ஆள் என்ற மூன்றுக்கும் பெரிய முதல் தேவையில்லை. சுத்தமாக நடத்தும் கடையில் நாமும் பேரம் பேசாமல் சாப்பிட்டு, நாலு பேருக்குச் சொல்வோம். மலைவாசிகளின் பிழைப்பும் நம் வயிறும் சேர்ந்து நன்றாக இருக்க அதுவே வழி.